சந்தா உண்டு, இரவல் உண்டா?

தன்னிடம் இல்லாத ஆய்விதழை இன்னொரு நூலகத்திடம் இரவல் பெறுவதும், தேவையான கட்டுரையை மட்டும் நகலெடுத்து அஞ்சலில் வரவழைப்பதும் அச்சு இதழ்களின் காலத்தில் நூலகங்களுக்கு இயல்பான நடைமுறை. விலை கொடுத்து வாங்கிய இதழ் நூலகத்தின் உடைமை; அதை யாருக்குக் கொடுப்பது என்று நூலகமே தீர்மானித்தது. மின்னிதழ்கள் வந்த பிறகு, குறிப்பிட்ட காலத்துக்குப் படிக்கும் அனுமதியைத்தான் நூலகங்கள் பெரும்பாலும் வாங்குகின்றன. பிற நூலகத்துக்கு நகல் அனுப்பலாமா என்பது பதிப்பகத்துடனான ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. இந்த இதழ்களைப் பொறுத்தவரை, சிறுநகர அரசுக் கல்லூரி மாணவர் இனி இன்னொரு நூலகத்தின் தயவை எதிர்பார்க்க வேண்டியதில்லை. இது வரவேற்கத்தக்க மாற்றம்.

ஆனால், இத்திட்டம் மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கானது. நாட்டின் கல்லூரிகளில் பெரும்பாலானவையோ தனியார் நிர்வாகத்தில் உள்ளன. பெருந்தொகை கொடுத்துச் சந்தா செலுத்த இயலாத கல்லூரியின் மாணவருக்கு, அரசு நூலகம் ஒன்றிலிருந்து கட்டுரையின் நகல் கிடைப்பது பேருதவி. அந்த வழி ஒப்பந்த வாசகங்களால் அடைபடக் கூடாது. 2027-க்குப் பிறகு ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படும்போது, நூலகங்கள் தமக்குள் கட்டுரைகளை வழங்கிக்கொள்ளும் உரிமை அவற்றில் தெளிவாக இடம்பெறுவதை அரசு உறுதிசெய்ய வேண்டும். மக்களின் வரிப்பணம் பெற்றுத்தரும் அறிவு, கல்லூரியின் நிர்வாகம் யாருடையது என்று பார்த்துப் பங்கிடப்படலாகாது.