இரவில் புரட்டிவிடுபவர் யார்?



அண்மையில் பேராவூரணியில், பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்துவிட்ட பெரியவர் ஒருவரை நலம் விசாரிக்கச் சென்றிருந்தேன். தலைமாட்டில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் குவிந்திருந்தன. வந்தவர்கள் துஆச் செய்து திரும்பினர். அடுப்படி வாயிலில் நின்ற மருமகளின் கண்கள் மட்டும் உறக்கமின்றிச் சிவந்திருந்தன.

உடல் ஒரே நிலையில் கிடந்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே தசை நசுங்கி, இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. படுக்கைப் புண் அவ்வாறே உண்டாகிறது. முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கங்கள், குதிகால் ஆகியவற்றை நாள்தோறும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்த பின்னும் சிவப்பு மாறவில்லையெனில் அதுவே எச்சரிக்கை. கருத்த மேனியில் சிவப்பு தெரியாது. தொட்டு, வெப்பத்தையும் தடிப்பையும் அறிய வேண்டும். அவ்விடத்தைத் தேய்க்கலாகாது.

இரண்டு மணி நேரத்திற்கொரு முறை நோயாளியைப் புரட்டிவிடுவது பொதுவான முறை. இழுக்காமல், விரிப்போடு இருவர் தூக்கிப் புரட்டுவது நலம். கெண்டைக்காலின் கீழே தலையணை வைத்தால் குதிகால் அழுந்தாது. ஈரத்துணியை உடனே மாற்றிவிட வேண்டும்.

இரவு மட்டும் நான்கு முறை எழ வேண்டுமே! ஒரு பெண் தனியே தாங்குவாளா? மாமனாரைத் துடைத்துவிட மருமகள் நாணுவாள். மகனுக்கு என்ன தடை?

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் இல்லம் தேடி வருகின்றனர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அடுத்த முறை நலம் விசாரிக்கச் செல்வோர் பழத்தோடு ஓர் இரவையும் கொடுத்து வாருங்கள். அந்த மருமகள் உறங்கட்டும்.