வெள்ளைக்கழிச்சலும் சிறுவாட்டுக் காசும்

பறவைக் காய்ச்சல் என்றால் ஊரே அலறும். 2006ல் மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரில் அந்த நோய் வந்தபோது, பல நூறு மைல் தள்ளி இருந்தவர்கள்கூடக் கோழிக்கறி வாங்கப் பயந்தார்கள். ஆனால் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பஞ்சாரத்தைக் காலி செய்யும் நோய் பெரும்பாலும் அதுவல்ல. அதன் பெயர் வெள்ளைக்கழிச்சல். அதைப் பற்றி யாரும் அலறுவதில்லை. காரணம், சாவது பண்ணைக்கோழி அல்ல. வீட்டுக்கு ஐந்தும் பத்துமாக மேயும் நாட்டுக்கோழி.

ஐந்து கோழி செத்தால் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். மண்டபம், தங்கச்சிமடம், ஏர்வாடி பக்கம் மீனவர் வீடுகளில் கேட்டுப் பார்த்தால் பதில் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், வீட்டில் வரவு நிற்கும். அது முடியும் நேரத்தில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அப்போது நோட்டுக்கும் சீருடைக்கும் கை கொடுப்பது பல வீடுகளில் வீட்டுக்காரி முட்டையும் விடைக்கோழியும் விற்றுச் சேர்த்த சிறுவாட்டுக் காசுதான். அந்தக் காசு எந்தக் கணக்கிலும் வராது. அதனால் அது போனாலும் யார் கணக்கிலும் நஷ்டமாக ஏறாது!

கணக்கில் வராததால் சின்னது என்று நினைத்துவிடக் கூடாது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கோழியினங்கள் சுமார் 85 கோடி. அதில் ஏறத்தாழ 31 கோடியே 70 லட்சம் வீட்டுப் புறக்கடையில் வளர்பவை.

வெள்ளைக்கழிச்சல் புதிய நோயும் அல்ல. 1926ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறிந்தார்கள். அடுத்த ஆண்டே இமயமலைப் பகுதியில் உள்ள ராணிக்கெட்டில் தெரிந்தது. அதனால்தான் நம் நாட்டில் இதற்கு ராணிக்கெட் நோய் என்று பெயர். கோழி உறங்கி விழும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் கடுமையான வகை புகுந்தால் ஏறக்குறைய எல்லாமே போய்விடும். இது வைரஸ். மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரையோ, வீட்டில் அரைத்துக் கொடுக்கும் மஞ்சளும் சின்ன வெங்காயமுமோ வந்த நோயைத் திருப்பி அனுப்பாது. வருமுன் காப்பது ஒன்றுதான் வழி.

அதற்கான மருந்து இல்லையா? இருக்கிறது, அதுவும் இலவசமாக. தமிழக கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் கோடைக்கு முன்பு, பெரும்பாலும் பிப்ரவரியில், இருவார முகாம் நடத்தி ஊசி போடுகிறது. குறை சொல்ல முடியாத நல்ல திட்டம். ஆனால் அதில் மூன்று ஓட்டைகள் உள்ளன.

முதலாவது, அந்த ஊசி எட்டு வாரம் தாண்டிய கோழிக்குத்தான். முகாம் அன்று குஞ்சாக இருந்ததும், மார்ச்சில் அடை வைத்துப் பொரித்ததும் பாதுகாப்பின்றியே கோடையைச் சந்திக்கும். குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்து தனியாக உண்டு. அதைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. இரண்டாவது, மருந்தைக் குளிர்ச்சியிலேயே வைக்க வேண்டும். வெயில் கொளுத்தும் ஊரில் அது லேசான காரியமா? மூன்றாவது, ஒரு குப்பியில் நூறு கோழிக்கும் அதற்கு மேலும் மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் சீக்கிரம் போட்டு முடிக்க வேண்டும். ஐந்து கோழி வைத்திருப்பவள் தனியாகப் போய் என்ன செய்வாள்?

இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஒரு வீட்டில் கோழி உறங்க ஆரம்பித்ததும், மிச்சத்தையாவது காசாக்குவோம் என்று வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார்கள். அந்த ஒரு வீட்டுக்கு அது லாபக் கணக்கு. ஆனால் வியாபாரியின் கூடையோடு நோயும் அடுத்த தெருவுக்கும் வாரச்சந்தைக்கும் போகிறது. செத்ததைக் கருவேலங்காட்டில் வீசினால் மிச்ச வேலையை நாயும் காக்கையும் பார்த்துக்கொள்ளும். கோழி அவரவர் வீட்டுச் சொத்து, நோய் மட்டும் ஊருக்கே பொது!

இதற்காக அந்தப் பெண்ணைத் திட்டுவதில் நியாயம் இல்லை. பறவைக் காய்ச்சலுக்காக அரசு அழிக்கும் கோழிக்கு இழப்பீடு உண்டு. வெள்ளைக்கழிச்சலில் அவள் கோழி செத்தால் யார் தருவார்கள்? ஆகவே ‘விற்காதே’ என்று புத்தி சொல்வதைவிட, விற்க வேண்டிய நிலையே வராமல் பார்ப்பதுதான் சரி.

வழி இருக்கிறது. வெப்பம் தாங்கும் ஐ-2 என்ற தடுப்பு மருந்தை ஆஸ்திரேலியாவில் உருவாக்கினார்கள். மொசாம்பிக், தான்சானியா போன்ற நாடுகளில் கிராமத்து ஆட்களையே பழக்கி, நான்கு மாதத்துக்கு ஒருமுறை கோழியின் கண்ணில் சொட்டு விடச் செய்தார்கள். நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் தீனியைப் போலக் கொடுக்கும் குருணை வடிவ மருந்தைக் கொண்டுவந்திருக்கிறது. அதன் பயிற்சி மையம் இராமநாதபுரத்திலேயே இருக்கிறது.

எனவே ஒவ்வொரு ஊரிலும் மகளிர் சுயஉதவிக்குழுவில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தால் போதும். தெருவுக்கு ஒரு குப்பி, ஒரே நாள், எல்லா வீட்டுக் கோழிக்கும் மருந்து. சில மாதத்துக்கு ஒருமுறை குஞ்சுகளையும் விடாமல் பிடித்துவிடலாம். கோழிக்கு ஒன்றிரண்டு ரூபாய் என்று அவருக்குக் கூலி கொடுத்தாலும் அது ஒரு கோழியின் விலைக்கு முன்னால் எம்மாத்திரம்?

அதையும் மீறி நோய் வந்துவிட்டால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நோயுற்றதைத் தனியே அடைக்க வேண்டும். நல்ல கோழிக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, பிறகுதான் நோய்க்கோழியிடம் போக வேண்டும். செத்ததை நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். கொத்தாகச் செத்தால் கால்நடை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பறவைக் காய்ச்சலும் பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும். சந்தையில் வாங்கிய புதுக்கோழியை இரண்டு மூன்று வாரமாவது பழைய கோழிகளோடு விடக் கூடாது.

வங்கியில் போட்ட பணத்துக்குக் காப்பீடு உண்டு. பஞ்சாரத்தில் போட்டு வைத்த பணத்துக்கு உள்ள ஒரே காப்பீடு அந்தச் சொட்டு மருந்துதான். ஆண்டுக்கு ஒருமுறை வரும் முகாமை மட்டும் நம்பாமல், ஊரே சேர்ந்து அதைக் கட்டிவிடலாமே!