ஈத்தூண்டில்: எது இலக்கணம், எது ஆற்று விதி?

மீன் பிடித்தல் என்றதும் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவன வலையும் வள்ளமுமே. தூண்டிலும் நமக்குப் புதியதன்று. குளக்கட்டில் அமர்ந்து மண்புழுவைக் கோத்துத் தூண்டில் போட்டுப் பாராத கிராமத்துச் சிறுவர் மிகச் சிலரே. ஆயினும், மேல்நாட்டாருள் ஒரு சாரார் தூண்டிற் கலையின் சிகரம் எனப் போற்றும் முறை ஒன்று உண்டு. அதிற் புழுவுமில்லை, இறாலுமில்லை. இறகையும் நூலையும் ஒரு சிறு முள்ளிற் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி ஒன்றே அங்கு இரை. ஆங்கிலத்தில் 'ஃபிளை ஃபிஷிங்' எனப்படும் இதனை நாம் ஈத்தூண்டில் என அழைப்போம்.

ஓய்வு நேரத்துக்குரிய இந்த விளையாட்டினுள்ளே நூறாண்டுக்கு மேலாகத் தீராத வழக்கொன்று நடந்து வருகின்றது. 'எது உண்மையான ஈத்தூண்டில்? எது அன்று?' என்பதே அவ்வழக்கு. இதன் பொருட்டு நூல்கள் எழுதப்பட்டன, சங்கங்களில் விவாதங்கள் நடந்தன, நண்பர்கள் பிரிந்தனர். முதியவர் ஒருவர் தாம் ஐம்பது ஆண்டுக்கு மேற் பழகிய ஆற்றை விட்டு விலகவும் நேர்ந்தது. மீனுக்காக மனிதர் இவ்வளவு மல்லாடுவதா என வாசகர்கள் நகைக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேட்பின், இவ்வழக்கு மீனைப் பற்றியது மட்டுமன்று என்பது விளங்கும்.

எறியப்படுவது எது?

முதலில் முறையை அறிந்துகொள்வோம். நாம் அறிந்த தூண்டிலில் ஈயக்குண்டும் இரையும் கனமானவை. அவற்றை வீசினால் அவை பறந்து செல்லும். மெல்லிய தங்கூசி நரம்பு பின்னே இழுபட்டுப் போகும். ஈத்தூண்டிலில் இது தலைகீழாகின்றது. பொய்யீ பஞ்சுபோல எடையற்றது. அதனைக் கையால் எறிந்தால் நான்கடி தூரமும் செல்லாது. ஆதலின் கயிற்றையே கனமாகச் செய்கின்றனர். வளையுந் தன்மையுள்ள நீண்ட கோலை முன்னும் பின்னும் அசைக்கும்போது, கனத்த கயிறு காற்றிற் சுருள் விரிந்து நீள்கின்றது. அதன் நுனியிற் கட்டிய மெல்லிய தங்கூசியும் ஈயும் அதனோடு சென்று நீர்மேல் மெல்லென இறங்குகின்றன. சுருங்கக் கூறின், மற்றைத் தூண்டில்களில் இரை கயிற்றைக் கொண்டு செல்லும். ஈத்தூண்டிலிற் கயிறு இரையைக் கொண்டு செல்லும்.

முறை மிகப் பழையது. கி.பி. 200ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ஈலியன் என்னும் உரோம எழுத்தாளர், மக்கெடோனிய நாட்டு மக்கள் முள்ளிற் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றிச் சேவலின் இறகிரண்டைக் கட்டி மீன் பிடித்ததை எழுதி வைத்துள்ளார். ஆற்றின் மேற் பறக்கும் ஒரு பூச்சியை அம்மீன்கள் விரும்பி உண்டன. உண்மைப் பூச்சியை முள்ளிற் கோத்தால் அது நிறங்கெட்டு வாடிவிடும். ஆகவே அம்மக்கள் போலிப் பூச்சியைச் செய்தனர். இங்கிலாந்தில் 1496இல் அச்சிடப்பட்ட தூண்டில் நூலொன்று, மாதத்துக்கேற்பப் பயன்படுத்தத்தக்க 12 வகை ஈக்களை வரிசைப்படுத்திக் கூறுகின்றது.

மேற்பரப்பும் ஆழமும்

இக்கலைக்கு மூலகாரணமாய் அமைந்த மீன் ட்றவுட். குளிர்ந்த, தெளிந்த ஓடுநீரில் வாழ்வது. இது நம் நாட்டுக்குரிய மீனன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் இதனைக் கொணர்ந்து நமது மலைநாட்டின் குளிர்ந்த ஓடைகளில் விட்டனர். நுவரெலியாவும் ஹோட்டன் சமவெளியும் ஈத்தூண்டிலோடு தொடர்புற்றது அவ்வாறே. ஆயினும் நாம் கூறவந்த வழக்கு தென் இங்கிலாந்தில், சுண்ணக் குன்றுகளில் ஊறிப் பளிங்குபோல் ஓடும் டெஸ்ட், இட்சன் என்னும் ஆறுகளின் கரையிற் பிறந்தது.

அவ்வாறுகளில் 'மேஃபிளை' இனத்துச் சிறுபூச்சிகள் மிகுதி. இவற்றின் வாழ்வு விந்தையானது. பல மாதங்கள், சில இனங்களில் ஓராண்டுக்கு மேலும், இறகில்லாத இளம்பூச்சியாக நீருக்கடியில் வாழும். பின்னர் ஒருநாள் மேலே மிதந்து வந்து, தோலுரித்து, இறகு விரித்துப் பறக்கும். பறக்கத் தொடங்கியபின் அதன் ஆயுள் ஓரிரு நாளே. மழைக்காலத்து ஈசலை அறிந்த நமக்கு இக்குறுவாழ்வு வியப்பன்று. மேற்பரப்பில் அமரும் இப்பூச்சிகளை ட்றவுட் எழுந்து கவ்வும்போது நீரில் வட்ட அலை தோன்றும்.

பிரெடரிக் ஹல்பர்ட் என்பார் இக்காட்சியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். 1886இலும் 1889இலும் அவர் வெளியிட்ட நூல்கள் 'உலர் ஈ' முறைக்கு வேதம்போல் ஆயின. மீன் எழுவதைக் கண்ணாற் காண வேண்டும். அது உண்ணும் பூச்சி இன்னதென அறிய வேண்டும். அதைப் போன்ற ஈயை, நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நின்று, நனையாது மிதக்குமாறு அதன் தலைக்கு முன்னே இறக்க வேண்டும். இதுவே அம்முறையின் சாரம். பொறுமையும் கூர்நோக்கும் கைத்திறனும் ஒருங்கே வேண்டிய இது உயர்ந்த கலை என்பதில் ஐயமில்லை. ஹல்பர்ட் அதற்குச் செய்த தொண்டும் பெரிது.

ஆனாற் காலப்போக்கிற் சீடர்கள் குருவையும் விஞ்சினர். உலர் ஈ சிறந்த முறை என்பது, உலர் ஈயே முறை என்றாயிற்று. நீருக்குள் அமிழும் ஈயைப் பயன்படுத்துவோர் நாகரிகமற்றவராகக் கருதப்பட்டனர். பல ஆற்றுப் பகுதிகளில் அது விலக்கவும்பட்டது.

இவ்வேளையிற் கேள்வி எழுப்பியவர் ஜி. ஈ. எம். ஸ்கியூஸ். தொழிலால் வழக்கறிஞர். 1883 முதல் இட்சன் ஆற்றின் ஒரு பகுதியில் மீன் பிடித்து வந்தவர். அவர் செய்தது எளிய காரியம். தாம் பிடித்த மீனின் இரைப்பையிலிருந்தவற்றைச் சிறு கரண்டியால் எடுத்து நீரிலிட்டுப் பார்த்தார். அங்கே இறகு விரித்த பூச்சிகளை விட, நீருக்கடியில் வாழும் இளம்பூச்சிகளே மிகுந்திருக்கக் கண்டார். ட்றவுட் தன் உணவிற் பெரும்பகுதியை மேற்பரப்பின் கீழேயே கொள்கின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? மீன் உண்பது இளம்பூச்சியாயின், இளம்பூச்சியைப்போற் செய்த ஈயை அதற்குக் காட்டுவது எங்ஙனம் குற்றமாகும்? 1910இல் வெளியிட்ட நூலில் அவர் இக்கருத்தை அடக்கமாகவே முன்வைத்தார். 1921இல் வந்த நூலில் மேலும் விரித்தார்.

எதிர்ப்பு அடங்கவில்லை. 1938இல் இலண்டன் ஈத்தூண்டிலாளர் சங்கத்தில் இதுபற்றித் தனி விவாதமே நடந்தது. எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஸ்கியூஸ் அங்கு சபையின் ஆதரவைப் பெறவில்லை. அவ்வாண்டிலேயே, தாம் அரை நூற்றாண்டுக்கு மேற் பழகிய இட்சன் ஆற்றுப் பகுதியிலிருந்தும் விலகினார்.

எனினும் உண்மை விலகிச் செல்லவில்லை. ஏவன் என்னும் ஆற்றின் காவலராகப் பணிபுரிந்த பிராங்க் சோயர், நாள்தோறும் நீரை நோக்கியிருந்தவர். செம்புக் கம்பியையும் ஃபெசன்ட் பறவையின் வாலிறகு இழைகளையும் மட்டும் கொண்டு அவர் அமைத்த இளம்பூச்சி வடிவம், இன்று உலகெங்கும் ஈத்தூண்டிலாளர் பெட்டிகளில் இடம்பெற்றுள்ளது. அவரது நூல் 1958இல் வெளிவந்தது. அவரை ஊக்கியவர் ஸ்கியூஸ் என்பதும் குறிப்பிடத்தக்கது. அன்று விலக்கப்பட்ட முறையைச் சுண்ண ஆறுகளின் பல பகுதிகள் இன்று ஏற்றுக்கொண்டுள்ளன.

மீனுக்கு மீன் வேறு

ட்றவுட் ஒன்றையே கண்டவர் வகுத்த இலக்கணம், பிற மீன்களிடம் சென்றபோது மேலும் தளர்ந்தது. தகரப் பேணி மூலம் நாம் பெயரறிந்த சல்மன் மீனை எடுத்துக்கொள்வோம். கடலிலிருந்து முட்டையிட ஆற்றுக்கு மீளும் சல்மன், நன்னீரில் உணவு கொள்வதை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றது. அப்படியாயின் அதற்கு இடும் ஈ எப்பூச்சியின் சாயல்? எதனுடையதுமன்று! சென்ற காலத்துச் சல்மன் ஈக்கள் பொன்னிழையும் வண்ண இறகுகளும் கொண்ட நகைகள் போன்றவை. தென்னிந்தியாவிலும் காணப்படும் சாம்பற் காட்டுக்கோழியின், மெழுகுப் பொட்டு வைத்தாற்போன்ற கழுத்திறகும் அவற்றில் இடம்பெற்றது. (இன்று அப்பறவை இந்தியச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது.) சினத்தாலோ பழக்கத்தாலோ சல்மன் அதனைக் கவ்வுகின்றது. பூச்சியைப் போலிராத இதனை ஈயன்று என எவரும் ஒதுக்கியதில்லை.

பைக் என்பது கூரிய பற்களையுடைய நன்னீர் வேட்டை மீன். அதற்குச் சாண் நீளமுள்ள ஈயைக் கட்டுவர். அது சிறுமீனின் சாயல். பல்லுக்குத் தப்பக் கம்பியையும் முன்னே இணைப்பர். புளோரிடா, பஹாமாஸ் கரைகளில் முழங்காலளவு உப்புநீரில் மேயும் 'போன்ஃபிஷ்' இறாலையும் நண்டையும் தின்பது. அங்கே ஈ என்பது இறாலின் உருவம். அதே கடலில் 100 இறாத்தலுக்கு மேல் வளரும் 'டார்ப்பன்' மீனையும் இம்முறையாற் பிடிக்கின்றனர். யப்பானிய மலையோடைகளில் 'தென்கரா' என்றொரு முறை உண்டு. கயிறு சுற்றும் உருளை அதிலில்லை. கோலும் கயிறும் ஈயும் மட்டுமே. மலைவாழ் மக்கள் பிழைப்புக்காக வளர்த்த முறை அது. ஹல்பர்டின் நூலை அவர்கள் கண்டதில்லை. ஆயினும் எடையற்ற ஈயைக் கயிற்றால் எறியும் வித்தை அவர்களிடமும் உண்டு.

இன்றைய வழக்குகள்

பழைய வழக்கு ஓய்ந்தது, புதியன முளைத்தன. 1981இல் ஈத்தூண்டிலுக்கு உலகப் போட்டி தொடங்கியபின், போலந்து, செக்கோசிலோவாக்கியா நாட்டுப் போட்டியாளர், உலோக மணி கோத்த கனமான இளம்பூச்சிகளை அருகிலேயே ஆழத்தில் இறக்கி ஏராளமாகப் பிடித்தனர். கனத்த கயிறு கோலைவிட்டு வெளியே வருவதே அரிதாயிற்று. இங்கே ஈயின் கனமே எறிகின்றது. இது ஈத்தூண்டிலா எனக் கேள்வி எழுந்தது. போட்டி விதிகள் நடுவழி ஒன்றை வகுத்தன. நுனித் தங்கூசி கோலின் நீளத்துக்கு இரு மடங்கை மீறலாகாது என்பது அவற்றுள் ஒன்று. தரை துடைக்கும் துடைப்பத்தின் நூற்றுண்டை முள்ளிற் கட்டிய ஈ ஒன்றும் அண்மைக் காலத்தில் மீன்களை மிக மயக்கி, மரபாளரை முகஞ்சுளிக்கச் செய்துள்ளது. அயர்லாந்து ஏரிகளிலோ உயிருள்ள மேஃபிளையை முள்ளிற் கோத்து, மெல்லிய கயிற்றைக் காற்றில் மிதக்கவிடும் பழைய வழக்கம் உண்டு. பூச்சி உண்மையானது, கைத்திறனும் மெச்சத்தக்கது. ஆனால் அது உயிரிரையேயன்றிக் கைவினையன்று.

இவை யாவற்றையும் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, இரண்டு கூறுகளே எஞ்சுகின்றன. முதலாவது, இரை உண்பொருளாகாது, மனிதன் முள்ளிற் கட்டிய போலியாயிருத்தல். இரண்டாவது, அப்போலி தன் கனத்தாலன்றிக் கயிற்றாற் கொண்டு செல்லப்படுதல். மீனின் பெயரும், நீரின் தன்மையும், ஈயின் உருவமும், அது மிதப்பதோ அமிழ்வதோ ஆகிய இவையெல்லாம் இலக்கணத்தின் புறத்தன. கனமணி கோத்த போட்டி முறை இக்கோட்டின் விளிம்பில் நிற்கின்றது எனலாம்.

அவ்வாறாயின் ஆற்றுக்கு ஆறு விதிகள் வேண்டாவா? வேண்டும். ஓர் ஆற்றில் மீன் குறைவு எனின், அங்கு உலர் ஈயை மட்டும் அனுமதித்தல் அறிவுடைமையே. பிடிபடும் மீனின் தொகை அதனாற் குறையும். அது அவ்வாற்றின் விதி. அவ்விதியை மதித்தல் விருந்தினனின் கடமை. ஆனால் ஓர் ஆற்றின் விதியை உலகின் இலக்கணமாக்கி, அதன்படி நடவாதாரை இழிந்தோர் என்பதே பிழை. 1938இல் நேர்ந்தது இப்பிழையே. விதியைக் காத்தவர்கள் மீனின் இரைப்பையில் இருந்ததைப் பார்க்க மறுத்தனர்.

இலக்கியம் முன், இலக்கணம் பின் என்பது தமிழர் நன்கறிந்த முறை. மொழிக்குப் பொருந்தும் இம்முறை தூண்டிலுக்கும் பொருந்துகின்றது. ஆற்றை நோக்கி இலக்கணம் எழுதினார் ஹல்பர்ட். அவர் நோக்கியது மேற்பரப்பை. ஸ்கியூஸ் நோக்கியது அதன் கீழே. இருவரும் கண்டது உண்மையே. ஒருவர் கண்டதோடு உண்மை முடிந்துவிட்டது என்றவர்களே வழிதவறினர். மாணவர்கள் எத்துறையிற் புகினும், நூலிற் கண்ட விதியைக் கற்றபின், அவ்விதி எதனைக் கண்டு எழுந்தது என்றும் ஒருமுறை நேரிற் சென்று பார்ப்பார்களாக. அதற்கு ஒரு சிறு கரண்டியும் கிண்ணம் நீருமே போதியதாகலாம்.