சாப்பிட்டதற்குத் தண்டனையா ஓட்டம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

உடற்பயிற்சியின் நன்மைகளைச் சொன்ன தங்கள் கட்டுரை, அளவு மீறினால் அதுவே உணவுக்கோளாறு நோயின் ஓர் அங்கமாகிவிடும் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை கிறிஸ்டி ஹென்ரிச்சிடம், புடாபெஸ்ட் போட்டி ஒன்றில் நடுவர் ஒருவர் எடையைக் குறைக்கச் சொன்னார். உணவைச் சுருக்கிக்கொண்டே கடுமையாகப் பயிற்சி செய்தார் அந்தப் பெண். 1989 உலகப் போட்டியில் ஒரு பிரிவில் நான்காம் இடம். 1994 ஜூலையில், 22 வயதில், உள்ளுறுப்புகள் செயலிழந்து இறந்தார்.

உடற்கல்வி ஆசிரியையாக நானும் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஒரு மாணவி மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் மாடிப்படி ஏறி இறங்குவாள். ஓர் இட்லி கூடுதலாகச் சாப்பிட்டால் மாலையில் அதற்கு ஈடாக ஸ்கிப்பிங். காய்ச்சலிலும் விடமாட்டாள். எத்தனை மணி நேரம் என்பதைவிட, ஒரு நாள் ஓய்வெடுக்கச் சொன்னாலே பதறுகிறாளே, அதுதான் அபாய அறிகுறி.

செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற உணவு கிடைக்காவிட்டால் மாதவிடாய் நிற்கும், எலும்பு மெலியும், கணைக்கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதைத் தனிப் பாதிப்பாக வரையறுத்து, ஆண்களுக்கும் வரும் என்றது. ஜிம்மே கதியென்று கிடக்கும் பையன்களை நாம் பாராட்டித்தானே பழகியிருக்கிறோம்!

பெற்றோரே, 'நல்லா இளைச்சுட்டியே' என்று மெச்சுவதற்கு முன் பிள்ளை சாப்பிடுகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடமும் மனநல ஆலோசகரிடமும் தாமதிக்காமல் அழைத்துச் செல்லுங்கள்.

– உடற்கல்வி ஆசிரியை, தஞ்சாவூர்