குங்குமத்தின் பேரில் பொய் வேண்டாம்



2025 ஏப்ரல் 22, பஹல்காமில் மதத்தைக் கேட்டுச் சுட்டாங்க. 26 உயிர் போச்சு. மே 7 அதிகாலை, பயங்கரவாத முகாம்கள் என்று சொல்லி 9 இடங்களை இந்தியா தாக்கியது. பேர் ஆப்பரேஷன் சிந்தூர். சிந்தூர்னா குங்குமம். பொட்டு இழந்த பெண்களுக்காக வச்ச பேர். தாக்கியது நியாயம்தான்.

ஆனா நம்ம குழுவில் வந்தது என்ன? வீடியோ கேம் காட்சியைப் போர்க்களம்னு அனுப்புறாங்க. கராச்சி துறைமுகம் அழிஞ்சதுன்னு இந்தியத் தொலைக்காட்சிகளே சொன்னது பொய். இன்றைய போர் ட்ரோன், ஏவுகணையோடு முடியல, கைபேசியிலும் நடக்குது. நாம பொய்யைப் பரப்பினா, நாளைக்கு ராணுவம் உண்மையைச் சொன்னாலும் உலகம் நம்பாது. லாபம் எதிரிக்குத்தான்!

இன்னொன்று. தாக்குதலை உலகத்துக்கு விளக்கியவர்களில் ஒருவர் கர்னல் சோஃபியா குரேஷி, முஸ்லிம் பெண். பஹல்காமில் பயணிகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட குதிரைக்காரரும் முஸ்லிம்தான். அப்புறம் எதுக்கு இங்கே பக்கத்து வீட்டு முஸ்லிமைத் திட்டுறீங்க? பயங்கரவாதி விரும்பினதும் அந்தப் பிளவைத்தானே?

வெள்ளிக்கிழமை வாங்க, அந்த 26 பேருக்கும் மோட்ச தீபம் ஏத்துவோம். பொய்யை மட்டும் அனுப்பாதீங்க.

திருச்சிற்றம்பலம்.