பி-2 விசாவில் ஓர் ஆயா

நள்ளிரவில் சென்னை விமான நிலையத்துக்கு யாரையாவது வழியனுப்பப் போயிருந்தால் நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீல்சேர் கேட்டுக் காத்திருக்கும் வயதான அப்பா அம்மாக்கள். அதில் பல பேர் நன்றாகவே நடப்பார்கள். வழியில் விமானம் மாறும்போது இங்கிலீஷில் வழி கேட்கப் பயம், அவ்வளவுதான். வீல்சேரில் உட்கார்ந்துவிட்டால் யாராவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். கூடவே 23 கிலோவைத் தாண்டிவிடக் கூடாதே என்று நாலு தடவை நிறுத்துப் பார்த்த பெட்டி. உள்ளே பிரசவ லேகியம், பருப்புப் பொடி, வடாம். "எங்கே போறீங்க?" என்று கேட்டால் முகமெல்லாம் மலர, "பையன் கூப்பிட்டிருக்கான். அமெரிக்கா சுத்திப் பார்க்கப் போறோம்" என்பார்கள்.

சுற்றிப் பார்க்க!

எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு டீச்சர். நாலு முறை அமெரிக்கா போய் வந்தவர். "என்னம்மா பார்த்தீங்க?" என்றேன். "சமையலறை ஜன்னல் வழியா ஒரு மேப்பிள் மரம் தெரியும். அதோட எல்லா சீசனையும் பார்த்தாச்சு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. முதல் இரண்டு பயணம் மகளின் பிரசவங்களுக்கு. மூன்றாவது, குழந்தையைக் காப்பகத்தில் விட்டால் அடிக்கடி ஜுரம் வருகிறது என்று. நாலாவது, மாப்பிள்ளையின் அம்மா ஆறு மாதம் முடிந்து விமானம் ஏறிய அதே வாரத்தில். ஃபாக்டரியில் இதற்கு ஷிஃப்ட் மாற்றுவது என்று பெயர்.

பச்சையாகவே சொல்லிவிடுகிறேன். பெற்றோர் போவது பி-2 என்கிற சுற்றுலா விசாவில். அதில் போகிறவர் அங்கே வேலைக்குப் போகக் கூடாது. பொதுவாக ஆறு மாதம் தங்க அனுமதி தருவார்கள். அந்த ஆறு மாதத்தில் ஒரு நாளைக்கூட நாம் வீணாக்குவதில்லை. காலையில் டிபன் பாக்ஸ், பகல் முழுக்கக் குழந்தை, சாயங்காலம் சாம்பார், ராத்திரி குழந்தை அழுதால் "அம்மா, கொஞ்சம் பாத்துக்கோயேன், காலைல மீட்டிங் இருக்கு". சம்பளம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லை. நயாகராவில் பிளாஸ்டிக் மழைக்கோட்டோடு ஒரு போட்டோ உண்டு.

பிள்ளைகள் கொடுமைக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் தனியார் கம்பெனிகள் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு தந்தே ஆகவேண்டும் என்று நாடு முழுமைக்குமான சட்டம் கிடையாது. 1993-ல் வந்த சட்டம் 12 வாரம் விடுப்பு தருகிறது, சம்பளம் இல்லாமல். தனியார் கம்பெனியில் 50 பேர்கூட வேலை பார்க்கவில்லை என்றால் அதுவும் இல்லை. கலிபோர்னியா, நியூஜெர்சி மாதிரி சில மாநிலங்கள்தான் தனியாக ஏதோ செய்கின்றன. இங்கே 2017-லிருந்தே சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், சம்பளத்தோடு. தமிழக அரசு ஊழியர் என்றால் 2021 முதல் ஒரு வருடம். ஆக, உலகத்துப் பணக்கார நாடு விட்ட ஓட்டையைக் கும்பகோணத்துப் பாட்டி தன் முழங்காலை வைத்து அடைத்துக்கொண்டிருக்கிறாள். எந்தக் கம்பெனியும் அவளுக்கு ஒரு தேங்க்ஸ் கார்டு அனுப்பியதாகத் தெரியவில்லை.

"பேரனோட இருக்கிறது அவங்களுக்கு சந்தோஷம் சார்" என்பீர்கள். சந்தோஷம்தான், யார் இல்லையென்றது? அந்தச் சந்தோஷம் இருப்பதால்தானே கணக்குப் பார்க்காமல் வேலை வாங்க முடிகிறது!

போகட்டும். மன்னிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. இன்ஷூரன்ஸ். முதியவர்களுக்கான அமெரிக்க அரசின் மெடிக்கேர், சுற்றுலா வந்தவர்களுக்குக் கிடையாது. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுத்தால் பில் ஆயிரக்கணக்கான டாலரில் வரும். பயணக் காப்பீட்டில் ஒரு வகை, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று தொகையை முன்பே கட்டிப்போட்டுவிடும். மிச்சம் நம் தலையில். பிரீமியம் மலிவு. இன்னொரு வகை, முதலில் நாம் கட்டவேண்டிய பங்கு போக, பில்லின் பெரும்பகுதியை ஓர் உச்சவரம்பு வரை ஏற்கும். விலை கூடுதல். ஏற்கெனவே இருக்கிற சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் எது, எந்த அளவுக்குத் தரும் என்று வரிவரியாகப் படிக்க வேண்டும். செல்போன் வாங்க முப்பது விமர்சனம் படிக்கிற பிள்ளை, அம்மாவின் பாலிசியில் மட்டும் விலை குறைந்ததைத் தேடி க்ளிக் செய்கிறான்.

நாலாவது பயணத்தில் ஒரு ராத்திரி டீச்சருக்கு நெஞ்சு வலி. யாரையும் எழுப்பவில்லை. வெந்நீர் குடித்துவிட்டு விடியும்வரை சோபாவில் உட்கார்ந்திருந்தாராம். "வாயுன்னு நினைச்சீங்களா?" என்றேன். "இல்லப்பா. பில்லை நினைச்சேன்" என்றார். சென்னை திரும்பிய பிறகு ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த ராத்திரியைப் பற்றி மகளுக்கு இன்றுவரை தெரியாது. "எழுதுங்க, பேர் மட்டும் வேணாம்" என்று சொல்லியிருக்கிறார்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே வாயை மூடிக்கொண்டு பாத்திரம் தேய்த்துவிட்டு, இங்கே வந்து மேற்கு மாம்பலத்தில் வால்மார்ட் பெருமை பேசுகிறீர்கள். அதைக் கேட்டுத்தான் அடுத்த வீட்டு அம்மாவும் பெட்டி கட்டுகிறார். முழங்கால் வலி என்றால் வலி என்று சொல்லுங்கள்.

நியூஜெர்சி, டல்லாஸ் பிள்ளைகளே, பெரிதாக எதுவும் கேட்கவில்லை. முதலில் நல்ல இன்ஷூரன்ஸ், அப்புறம் டிக்கெட். வாரத்தில் இரண்டு நாள் அடுப்பு உங்களுடையது. பிரசவமோ, குழந்தையின் பள்ளி விடுமுறையோ இல்லாத மாதத்தில் ஒரு தடவையாவது கூப்பிடுங்கள். எப்போது ஊர் திரும்புவது என்பதை அவர்களே சொல்லட்டும்.

அடுத்த முறை போனில் "எப்பம்மா வர்றே?" என்று கேட்காதீர்கள். "உனக்கு வரணும்போல இருக்காம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடாதீர்கள்.