வாடகைப் பத்திரமும் காணாமப் போன ரெண்டாவது பக்கமும்

2025 ஆகஸ்ட்ல ஒரு ஞாயித்துக்கிழமை. வீட்டுல இருந்த அத்தனை ஃபைலையும் கட்டில் மேல கொட்டித் தேடிக்கிட்டிருந்தேன். பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட் ஜெராக்ஸ் பதினோரு காப்பி கிடைச்சுது. காலேஜ் பஸ் பாஸ் கிடைச்சுது. மிக்ஸி வாரண்டி கார்டு கிடைச்சுது (மிக்ஸி மண்டையைப் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு). வாடகை அக்ரிமெண்ட் மட்டும் இல்லவே இல்லை.

"நீங்கதானே பத்திரமா வெச்சிருக்கேன்னு சொன்னீங்க?"ன்னு தங்கமணி கேட்டாங்க. பத்திரத்தைப் பத்திரமா வெச்சா அப்புறம் எங்கே வெச்சோம்னு தெரியாதுங்கிறது எங்க பரம்பரை வியாதி.

கதை இதுதான். 2022ல, கல்யாணம் ஆன புதுசுல, மேடவாக்கத்துல ஒரு ரெண்டு பெட்ரூம் வீடு பிடிச்சோம். வாடகை 14,000. அட்வான்ஸ் ஒரு லட்சம். ஓனர் அங்கிள் ரிடையர் ஆன மனுஷர், தங்கமானவர். "40 பேங்க்ல போட்டுடுப்பா, 60 கேஷா கொடுத்துடு"ன்னார். ஏன் எதுக்குன்னு கேக்கலை. சென்னையில வீடு கிடைக்கிறதே பெருசு, இதுல கேள்வி வேற கேட்டுக்கிட்டு. ஏடிஎம்ல மூணு தடவை இருபது இருபதாயிரமா எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆன்ட்டி காபி கொடுத்தாங்க. ரசீது? அட, அதான் அக்ரிமெண்ட்ல எழுதறோமே!

அக்ரிமெண்ட் எப்படித் தயாராச்சுன்னும் சொல்லணும். புரோக்கர் ஒரு மாச வாடகையைக் கமிஷனா வாங்கிக்கிட்டு, ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கத்துல இருந்த ஒரு டைப்பிங் சென்டருக்குக் கூட்டிட்டுப் போனார். அங்க ஒரு அக்கா பழைய வேர்டு ஃபைலைத் திறந்து, முந்தின ஆள் பேரை அழிச்சிட்டு எங்க பேரை அடிச்சாங்க. இருபது ரூபா பத்திரம் ஒண்ணு, மேல ரெண்டு வெள்ளைத்தாள், ஆக மூணு பக்கம். ஒன்பதாவது கண்டிஷன்ல யாரோ ஒரு பழைய வாடகைதாரர் பேர் அப்படியே இருந்துச்சு. அதாவது நான் வீட்டுல ஆணி அடிச்சா அதுக்கு அந்தப் புண்ணியவான்தான் பொறுப்பு. ஆபீஸ்ல யாராவது இப்படி காப்பி பேஸ்ட் பண்ணி கோடு எழுதினா ரிவ்யூல கிழிச்சுத் தொங்கவிடுறவன் நான். அங்க பல்லைக் காட்டிக்கிட்டு கையெழுத்து போட்டேன். சாட்சி நம்பர் ஒண்ணா புரோக்கரே கையெழுத்து போட்டார். அசல் அங்கிள்கிட்ட போச்சு. எனக்கு ஒரு ஜெராக்ஸ். அந்த ஜெராக்ஸைத்தான் கட்டில் மேல தேடிக்கிட்டிருந்தேன்.

2024ல அங்கிள் தவறிட்டார். ரொம்ப வருத்தமான விஷயம். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவரே மாடியேறி வந்து ஸ்வீட் கொடுத்துட்டுப் போவார். மூணு வருஷத்துல வாடகையை 14லிருந்து 16 ஆக்கினதுகூட வாய்ப்பேச்சுலதான், பேப்பர் எதுவும் கிடையாது. பதினோரு மாசத்துல முடிஞ்ச அக்ரிமெண்டை நானும் புதுப்பிக்கலை, அவரும் கேக்கலை. அவர் ஞாபகந்தான் எங்க பத்திரம்.

அதுக்கப்புறம் பெங்களூர்ல வேலை பாக்குற பையன் பொறுப்பு எடுத்துக்கிட்டார். ஆபீஸ் மாறினதால நாங்க காலி பண்றோம்னு சொன்னப்போ மரியாதையாத்தான் பேசினார். "அட்வான்ஸ் 40,000 தானே, பெயிண்டிங் போக மீதியை அனுப்பிடறேன்"னார்.

எனக்கு காது ரெண்டும் அடைச்சுக்கிச்சு.

"ஒரு லட்சம் சார்."

"அப்பா அக்கவுண்ட்ல 40 தான் வந்திருக்கு. அக்ரிமெண்ட் இருந்தா அனுப்புங்க, பாக்கறேன். அவர் வெச்சிருந்த காப்பி எங்கேன்னு எங்களுக்கும் தெரியலை. எப்படியும் சட்டப்படி மூணு மாச வாடகைதானே அட்வான்ஸ்? அப்பா அதுக்கு மேல வாங்கியிருக்க மாட்டார்."

மூணு மாசம்னா 42,000. என்னா ஒரு பொருத்தம்! அவர் சொன்னது பாதி உண்மையும்கூட. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த தமிழ்நாட்டுல 2017ல ஒரு சட்டம் போட்டு, 2019 பிப்ரவரி 22ல இருந்து அமலுக்கு வந்துச்சு. அதுல முன்பணம் மூணு மாச வாடகைக்கு மேல கூடாதுன்னு இருக்கு. ஆனா 'வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்'னு ஒரு வாலும் இருக்கு. வேறு மாதிரி ஒப்பந்தம் எங்ககிட்ட இருந்துச்சு. ரெண்டாவது பக்கத்துல.

திடீர்னு பல்பு எரிஞ்சுது. எச்.ஆர்.ஏ.க்காக ஆபீஸ் போர்டல்ல அக்ரிமெண்டை ஏத்தியிருக்கேனே! லாகின் பண்ணி, 2022ம் வருஷத்துக்குப் போய், பி.டி.எஃப்பைத் திறந்தேன். முதல் பக்கம் இருக்கு: பேர், விலாசம், வாடகை. கடைசிப் பக்கம் இருக்கு: கையெழுத்து, சாட்சி. நடுப்பக்கம் இல்லை. போர்டல்ல 2 எம்.பி.க்கு மேல ஏத்த முடியாதுன்னு நானே நடுப்பக்கத்தைத் தூக்கியிருக்கேன். வருமான வரிக்கு வாடகை போதும், அட்வான்ஸ் எதுக்குன்னு ஆப்டிமைஸ் பண்ணியிருக்கேன். சொந்த செலவில் சூனியம்னா இதுதான். அவ்வ்வ்வ்.

அடுத்து புரோக்கருக்குப் போன் போட்டேன். "எந்த வீடு சார்? மாசம் பத்து வீடு முடிக்கிறேன், எதைன்னு ஞாபகம் வெச்சுக்கிறது?"

"அண்ணே, நீங்கதான் சாட்சிக் கையெழுத்து போட்டீங்க."

"அது ஃபார்மாலிட்டி சார். வீடு காட்டினதோட நம்ம வேலை முடிஞ்சுது."

டைப்பிங் சென்டருக்கும் போனேன். அதே அக்கா. தேடித்தான் பார்த்தாங்க, பாவம். ஆனா அந்த ஃபைல் மேலேயே அதுக்கப்புறம் எத்தனை பேர் பேரை அடிச்சாங்களோ. எனக்கு முன்னாடி இருந்தவர் பேராவது ஒன்பதாவது கண்டிஷன்ல மிச்சம் இருந்துச்சு, என் பேர் அதுலகூட இல்லை.

நிற்க. புலம்பல் போதும், சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன்.

ஒருத்தரோட சொந்த வீட்டுப் பத்திரம் தொலைஞ்சு போச்சுன்னு வைங்க. போலீஸ்ல புகார் கொடுக்கலாம். பேப்பர்ல விளம்பரம் போடலாம். தேடியும் கிடைக்கலைன்னு போலீஸ் சர்டிபிகேட் தரும். சார்பதிவாளர் ஆபீஸ்ல பணம் கட்டி நகல் வாங்கலாம். அலைச்சல்தான், ஆனா ஒரு வழி இருக்கு. வாடகைக்காரன் பேப்பர் தொலைஞ்சா என்ன வழி? "விடுங்க சார், பேசித் தீத்துக்கலாம்". யார்கிட்ட பேசறது, செத்துப்போன அங்கிள்கிட்டயா?

இத்தனைக்கும் வழி இல்லாம இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகையைப் பதிவு செய்யணும்னு 1908ம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொல்லுது. அதுல இருந்து தப்பிக்கத்தான் ஊர் முழுக்க பதினோரு மாச அக்ரிமெண்ட். மேல சொன்ன புதுச் சட்டம் அந்த ஓட்டையையும் அடைச்சுது. எத்தனை மாசமா இருந்தாலும் எழுத்துல ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணி நம்பர் வாங்கணும். அதுக்கு அரசு இணையதளமே இருக்கு. நாங்க அதைப் பண்ணியிருந்தா, ரெண்டாவது பக்கம் என் வீட்டுப் பரண்ல இல்லைன்னாலும் அரசாங்கத்துக்கிட்ட இருந்திருக்கும். நான் பேசின மூணு புரோக்கர்ல ஒருத்தர்கூட இதைப் பத்தி வாயைத் திறக்கலை. நானா கேட்டதுக்கு ஒருத்தர், "அதெல்லாம் பண்ணா ஓனர் வீடு தரமாட்டார் சார்"னார்.

எனக்கு ஓனர்கள் மேல கூட அவ்வளவு கோபம் இல்லை. அந்தப் பையன் இடத்துல நான் இருந்தா நானும் பேப்பரைத்தான் கேட்டிருப்பேன். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் வந்து, உங்கப்பா எங்கிட்ட 60,000 கேஷா வாங்கினார்னா எப்படி நம்பறது? கோபமெல்லாம் நடுவுல இருக்கிறவர் மேலதான். ஒரு மாச வாடகை, முழுசா 14,000 ரூபா. ரெண்டு தரப்புலயும் வாங்குறவங்களும் உண்டு. அந்தக் காசுக்கு அவர் என்ன செய்யறார்? கதவைத் திறந்து காட்டறார், "கிழக்குப் பார்த்த வாசல் சார்"ங்கிறார், சாட்சிக் கையெழுத்து போடறார். புதுசா கட்டுற அபார்ட்மெண்ட்டை வித்துக் கொடுக்கிற ஏஜெண்ட், 2016ம் வருஷத்து ரெரா சட்டப்படி பதிவு பண்ணியாகணும். வாடகைக்கு வீடு காட்டறவருக்கு அந்தச் சட்டத்துல அப்படி எதுவும் இல்லை. ஒரு ஃபோல்டர்ல, அவர் கையெழுத்து போட்ட பத்திரத்தோட போட்டோவை வெச்சிருக்கக்கூடவா முடியாது? கல்யாண வீட்டு மொய் எழுதறவர்கூட நோட்டை முப்பது வருஷம் வெச்சிருக்கார்!

இதுல சட்டம் படிக்கிற நண்பன் ஒருத்தன் இன்னொரு குண்டு போட்டான். 2024 ஜூலை 1ல் இருந்து பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்துடுச்சு. பழசுல இருந்த மாதிரியே இதுலயும், அசல் தொலைஞ்சு போனா நகலைக் காட்டலாம். நகலும் இல்லைன்னா, அந்தப் பத்திரத்தைக் கண்ணால பார்த்தவர் அதுல என்ன இருந்துச்சுன்னு வாயால சொல்றதையும் சாட்சியமா எடுத்துக்கலாம். அதாவது என் 60,000 ரூபாயோட உயிர் 'ஃபார்மாலிட்டி' அண்ணன் நாக்குல இருக்கு. அவருக்கு மறுபடி போன் போட்டேன். எடுக்கலை.

அதே சமயம், நம்ம மேலயும் தப்பு இருக்குங்க. வாடகை அக்ரிமெண்டை நம்மில் எத்தனை பேர் முழுசா படிச்சிருக்கோம்? அது எச்.ஆர்.ஏ.க்கு, கேஸ் கனெக்ஷனுக்கு, பாஸ்போர்ட் விலாசத்துக்குன்னு அடுத்தவங்களுக்குக் காட்டுற பேப்பர். ஒரு லட்ச ரூபாய்க்கு ரசீதும் அதுதான்னு உறைக்கவே இல்லை. ஐநூறு ரூபாய்க்கு ஹெட்போன் வாங்கினா பில்லை மெயில்ல தேடி எடுக்கத் தெரியுது.

கடைசியில நேர்ல உக்காந்து பேசினோம். 2022 பேங்க் ஸ்டேட்மெண்டை எடுத்துட்டுப் போனேன். மூணு இருபதாயிரம் எடுத்ததும், 40,000 அனுப்பினதும் ஒரே வாரத்துல. பையன் ரொம்ப நேரம் அதையே பார்த்தார். ஆன்ட்டி சோபாவுல உக்காந்திருந்தாங்க. "கையில ஏதோ வாங்கினார்டா. நாந்தான் காபி போட்டேன். எவ்வளவுன்னு எனக்குச் சொல்லலை"ன்னாங்க. அவங்க அதைச் சொல்லணும்னு அவசியமே இல்லை. சொன்னாங்க. எனக்குத் தொண்டை அடைச்சுது, அதுக்கு மேல சண்டை போட மனசு வரலை.

60ல பாதின்னு முடிவாச்சு. 40ம் 30ம் 70,000. பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை 16,000 போக, கைக்கு வந்தது 54,000. திரும்பி வரும்போது தங்கமணி வண்டியில ஒண்ணுமே பேசலை. அதுதான் ரொம்பப் பயமா இருந்துச்சு.

புது வீட்டுக்கு அட்வான்ஸ் மொத்தமும் பேங்க்லதான்னு சொன்னேன். ஓனரம்மா ஒத்துக்கிட்டாங்க. அக்ரிமெண்ட் ரெண்டு அசல் வேணும், ஒண்ணு எங்கிட்ட இருக்கணும், பதிவும் பண்ணணும்னேன். புது புரோக்கர் ஒரு மாதிரி பார்த்தார். "அடுத்த வாரம் சார்" மூணு வாரம் ஓடுச்சு. நாலாவது வாரம், "என்ன சார், எங்க மேல நம்பிக்கை இல்லையா?"ன்னார்.

"இல்லைண்ணே"ன்னேன்.

ரெண்டு நாள்ல வந்துடுச்சு. மூணு பக்கத்தையும் வாசல்லயே நின்னு போட்டோ எடுத்து தங்கமணிக்கு, அம்மாவுக்கு, எனக்கே ஒரு மெயில்னு அனுப்பினேன். அப்புறந்தான் படிச்சேன். ரெண்டாவது பக்கத்துல கதவு நம்பர் தப்பு. திருப்பிக் கொடுத்து அனுப்பியிருக்கேன்.